பைசெப்ஸ் அறுந்துடுச்சா, மேல் முனையா கீழ் முனையான்னு பாத்துட்டு ஆபரேஷன் பத்தி பேசுங்க

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல, அறுந்த கை வச்சிருக்கவன், அவ்ளோதான். எனக்கு 57 வயசுல வலது கை பைசெப்ஸ், மேல் கையோட முன்பக்கத் தசை, தோள்பட்டை பக்கம், அதாவது மேல் முனையில அறுந்துச்சு. பதினோரு மாசம் கழிச்சு என் மச்சினனுக்கு, அவனுக்கு 46, அதே வலது கை அதே பைசெப்ஸ், ஆனா முழங்கை பக்கம் கீழ் முனையில அறுந்துச்சு. ரெண்டு பேர் ரிப்போர்ட்லயும் பைசெப்ஸ் டெண்டன் ரப்சர்னு தான் போட்டிருந்துச்சு. நான் ஆபரேஷன் பண்ணிக்கல, அவன் பண்ணிக்கிட்டான். ரெண்டுமே சரியான முடிவுன்னு தான் இப்பவும் நினைக்கறேன், ஆனா அவன் அந்த முடிவுக்கு வர்றதுக்குள்ள ஒன்பது நாள் ஓடிப்போச்சு, அதுக்கு காரணமே நான் தான். வீட்ல எல்லாரும் என் கையைக் காட்டி "இவருக்கு ஒண்ணுமே பண்ணாம சரியாகலையா"ன்னாங்க, அவனும் "மாமா, உங்களுக்கு மூணு வாரத்துல வலி போயிடுச்சுல்ல, எனக்கும் போயிடும் விடுங்க"ன்னு ஐஸ் பேக் வச்சுக்கிட்டு உக்காந்துட்டான். நானும் ஆமாம் போட்டேன். அந்த ஆமாம் தப்பு, அதனால தான் இதை உக்காந்து எழுதறேன்.

முதல்ல பேர் குழப்பத்தை முடிச்சிடலாம். நம்ம ஆளுங்க கைக்குள்ள எது அறுந்தாலும் ஒண்ணு "நரம்பு கட்டாயிடுச்சு"ம்பாங்க, இல்லன்னா "ஜவ்வு கிழிஞ்சிடுச்சு"ம்பாங்க. ரெண்டும் இது இல்ல. நரம்புன்னா உணர்ச்சியையும் மூளையோட உத்தரவையும் கொண்டு போற ஒயர், ஜவ்வுன்னு சொல்றது பெரும்பாலும் எலும்பையும் எலும்பையும் கட்டி வைக்கிற லிகமென்ட், இல்லன்னா மூட்டுக்குள்ள இருக்கற குஷன். டெண்டன், அதாவது தசைநாண், தசையை எலும்போட கட்டி வைக்கிற கயிறு. தசை சுருங்கினா கயிறு இழுக்கும், எலும்பு நகரும். கயிறு போச்சுன்னா தசை சும்மா சுருண்டுக்கும், எலும்பு அந்த இழுப்பைக் கேக்காது.

பைசெப்ஸுக்கு மேல ரெண்டு கயிறு, கீழ ஒண்ணு. மேல இருக்கறதுல லாங் ஹெட்டுங்கறது தோள் மூட்டுக்குள்ளயே போய் குழியோட மேல் விளிம்புல ஒட்டியிருக்கு, அது எலும்புல ஒரு பள்ளம் வழியா வளைஞ்சு போகுது, கை தூக்கும்போதெல்லாம் அங்க உரசிக்கிட்டே இருக்கும். ஷார்ட் ஹெட் மூட்டுக்கு வெளில வேற எலும்புல நிம்மதியா ஒட்டியிருக்கு, அது அறுந்து போறது ரொம்ப அபூர்வம். கீழ ரெண்டும் ஒண்ணா சேந்து முழங்கை தாண்டி கட்டைவிரல் பக்க எலும்புல, ரேடியஸ்ல, ஒரே இடத்துல போய் ஒட்டுது. இந்த ஒரு பாராவை மட்டும் புரிஞ்சிக்கிட்டா பாதி முடிவு எடுத்த மாதிரி தான், ஏன்னா மேல ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு பிடிச்சுக்கிட்டு இருக்கு, கீழ அறுந்தா பிடிச்சுக்க வேற கயிறே கிடையாது.

சரி, சும்மா இருக்கற கயிறு ஏன் அறுந்துச்சு? நான் ஒண்ணும் மூட்டை தூக்கல, அரை பக்கெட் தண்ணியை நகர்த்தினேன், உள்ள டப்புன்னு ஒரு சத்தம். ரிப்போர்ட்ல இதை "தானா அறுந்தது"ன்னு சொல்றாங்க, ஆனா அந்த வார்த்தையை நம்பாதீங்க. 1933லயே மக்மாஸ்டர்னு ஒருத்தர் முயலோட காலை வச்சு சோதனை பண்ணிப் பாத்தாரு, நல்லா இருக்கற டெண்டனை இழுத்தா டெண்டன் அறுறதுக்கு முன்னாடி தசை கிழியுது இல்ல எலும்போட ஒட்டின இடம் பிச்சுக்குது. 1991ல கன்னுஸ், யோசா ரெண்டு பேரும் தானா அறுந்த 891 டெண்டனை மைக்ராஸ்கோப்ல பாத்தாங்க, அதுல 302 பைசெப்ஸ். 97 சதவீதத்துல அறுறதுக்கு முன்னாடியே தேஞ்சு நைஞ்சு போன அடையாளம் இருந்துச்சு. அதாவது பக்கெட் மேல பழி போடறது அநியாயம், என் கயிறு பல வருஷமா நூல் நூலா பிரிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு, பக்கெட் கடைசி நூலை அறுத்துச்சு. அதுக்கு முன்னாடி ஆறேழு மாசமா தோள்ல ராத்திரி வலி இருந்துச்சு, தூங்கின பொசிஷன் சரியில்லன்னு தலகாணியை மாத்திக்கிட்டே இருந்தேன்.

இப்ப மேல் முனைக்கு வரேன். பைசெப்ஸ் அறுந்து வர்றவங்கள்ல பத்துல ஒன்பது பேருக்கு மேல இந்த லாங் ஹெட் தான், பெரும்பாலும் 50, 60 தாண்டினவங்க. டப்புன்னு சத்தம், ரெண்டு மூணு நாள்ல மேல் கையில நீலமா ரத்தக்கட்டு, அப்புறம் தசை கீழ இறங்கி முழங்கைக்கு மேல உருண்டையா நிக்கும். இதுக்கு பாப்பாய் சைன்னு பேரு, அந்த கார்ட்டூன் மாலுமியை வச்சு. (பாப்பாய்க்கு எப்பவும் பெருசா இருக்கறது முழங்கைக்குக் கீழ இருக்கற கை தானே, யார் இந்தப் பேரை வச்சாங்களோ.) இதுல வேடிக்கை என்னன்னா அறுந்ததும் பல பேருக்கு பழைய தோள் வலி குறைஞ்சு போயிடும், எனக்கும் அப்படித்தான், உரசிக்கிட்டு இருந்த கயிறே இல்லன்னா எங்க உரசும்? இந்த லாங் ஹெட் வலி தாங்க முடியாதவங்களுக்கு டாக்டருங்களே அதை வேணும்னே வெட்டி விடற ஆபரேஷன் ஒண்ணு இருக்கு. எனக்கு டாக்டர் இதைச் சொன்னப்ப தான் பயம் போச்சு, அவரு காசு வாங்கிட்டு பண்ற வேலையை என் கை இலவசமா பண்ணிக்கிச்சு.

மேல் முனைக்கு ரெண்டு வழி. ஒண்ணு அப்படியே விடறது: கொஞ்ச நாள் ஸ்லிங், ஐஸ், வலி மாத்திரை, அப்புறம் பிசியோ. இன்னொண்ணு டெனோடெசிஸ், அறுந்த முனையைத் தேடிப் பிடிச்சு மேல் கை எலும்புலயே ஆங்கரோ ஸ்க்ரூவோ போட்டு கட்டறது, பழைய இடத்துக்கு யாரும் திருப்பி கொண்டு போறதில்ல. 1988ல இந்த ரெண்டையும் ஒப்பிட்டு ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. விட்டவங்களுக்கு உள்ளங்கையை மேல பாக்க திருப்பற பலம் சுமார் 21 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு, முழங்கை மடக்கற பலம் 8 சதவீதம் தான். ஆபரேஷன் பண்ணவங்களுக்கு திருப்பற பலத்துல குறைவு 8 சதவீதம். ஆனா விட்டவங்க தான் சீக்கிரம் வேலைக்குத் திரும்பினாங்க. டெனோடெசிஸ் பண்ணா சுமார் ஆறு வாரம் அந்தக் கையால எதையும் மடக்கித் தூக்கக் கூடாது.

என் கணக்கு இப்படி ஓடிச்சு. எனக்கு உக்காந்து பாக்கற வேலை, தோள் வலியும் போயிடுச்சு, உருண்டை தெரியுதுங்கறது சட்டை போட்டா யாருக்கும் தெரியாது. இதுக்காக ஆறு வாரம் கையைக் கட்டிக்கிட்டு உக்காரணுமான்னு யோசிச்சேன், வேணாம்னுட்டேன். ஆனா இதே முனை ஒரு 35 வயசு ஆளுக்கு, நாள் முழுக்க ஸ்க்ரூடிரைவர் பிடிக்கிற எலக்ட்ரீஷியனுக்கு, பாடி பில்டிங் பண்றவருக்கு அறுந்தா கணக்கு மாறும், அவங்க டெனோடெசிஸ் பத்தி சீரியஸா பேசணும். அழகுக்காக மட்டும் பண்ணிக்கறதும் தப்பு இல்ல, அவங்கவங்க கை. இன்னொரு பக்கம் 1997ல ஜான் எல்வேங்கற அமெரிக்க ஃபுட்பால் ஆட்டக்காரருக்கு பந்து எறியற கையிலயே பைசெப்ஸ் டெண்டன் அறுந்துச்சு, ஆபரேஷன் இல்லாம அதே சீசன் ஆடி, அந்த ஆட்டத்தோட சாம்பியன் போட்டியான சூப்பர் பவுலும் ஜெயிச்சாரு. அவருக்கு இருந்த பிசியோ டீம் நமக்கு இல்லங்கறது வேற விஷயம்.

மேல் முனை அறுந்தவங்க நிஜமா கவலைப்பட வேண்டியது பைசெப்ஸுக்கு இல்ல, பக்கத்து வீட்டுக்காரனுக்கு. தோளைச் சுத்தி ரோட்டேட்டர் கஃப்னு நாலு தசையோட டெண்டன் இருக்கு, லாங் ஹெட் நைஞ்சு போன தோள்ல அதுவும் கிழிஞ்சிருக்கறது ரொம்ப சகஜம். கையைப் பக்கவாட்டுல தூக்க முடியல, முதுகுக்குப் பின்னாடி கொண்டு போக பலமே இல்லன்னா, அங்க ஆபரேஷன் வேணுமா வேணாமாங்கறதை முடிவு பண்றது கஃப் தான். எனக்கு ஸ்கேன் எடுத்ததே அதுக்கு தான், பைசெப்ஸ் அறுந்தது கண்ணாலயே தெரியுதே. கஃப்ல ஓரத்துல லேசா ஒரு கிழிசல், பிசியோல சமாளிச்சிடலாம்னாங்க, அது நடந்துச்சு.

கீழ் முனை கதையே வேற.

இது அபூர்வம், ஒரு வருஷத்துல ஒரு லட்சம் பேர்ல ஒண்ணு சொச்சம்னு 2002ல வந்த ஒரு கணக்கு. கிட்டத்தட்ட எல்லாருமே ஆம்பளைங்க, 40க்கு மேல 60க்குள்ள. எப்படி அறும்னா, மடக்கிப் பிடிச்சிருக்கற கையை பாரம் திடீர்னு நேராக்கும் பாருங்க, அந்த நொடி. மச்சினன் சோபாவோட ஒரு முனையைப் பிடிச்சிருந்தான், எதிர்ல இருந்தவர் கை வழுக்கிச்சு, முழு பாரமும் இவன் கைக்கு வந்துச்சு, படக்குன்னு ஒரு சத்தம். இதுலயும் "நல்ல கயிறு சும்மா அறாது"ங்கற கதை உண்டு. ஒட்டற இடத்துக்குக் கொஞ்சம் மேல ரத்த ஓட்டம் கம்மியான ஒரு பகுதி இருக்கு, உள்ளங்கையை கீழ திருப்பும்போது ரெண்டு எலும்புக்கும் நடுவுல இடம் பாதியா சுருங்கி அந்த இடத்துலயே கயிறு நசுங்குது. சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு இது அறுற ஆபத்து 7.5 மடங்குன்னு அதே 2002 கணக்கு சொல்லுது. மச்சினன் இருபது வருஷமா பிடிக்கிறான், இதைப் படிச்சா என்னைத் திட்டுவான், பரவால்ல.

அறிகுறி ஏமாத்தும். உருண்டை கீழ இல்ல, மேல ஏறும், முழங்கை மடிப்புக்கு மேல பள்ளமா தெரியும், ஆனா சில பேருக்கு பைசெப்ஸ்ல இருந்து பக்கவாட்டுல போற ஒரு பட்டையான சவ்வு அறாம தசையைப் பிடிச்சு வச்சுக்கும், அப்ப உருவம் பெருசா மாறாது. கையை மடக்கவும் முடியும், ஏன்னா முழங்கையை மடக்கறதுல முக்கியமான ஆள் பைசெப்ஸே இல்ல, அதுக்குக் கீழ ஒளிஞ்சிருக்கற பிரேக்கியாலிஸ்ங்கற தசை. அதனால "மடக்க முடியுதே, அறுந்திருக்காது"ன்னு மச்சினன் சொன்னது சரியான காரணத்தோட சொன்ன தப்பான முடிவு. டாக்டர் கண்டுபிடிச்சது ஸ்கேன்ல இல்ல, விரலால. முழங்கையை 90 டிகிரி மடக்கி உள்ளங்கையை மேல திருப்பச் சொல்லிட்டு வெளிப் பக்கத்துல இருந்து ஆள்காட்டி விரலை கொக்கி மாதிரி விட்டு கயிறைத் தேடினாரு, மாட்டறதுக்கு ஒண்ணுமே இல்ல. ஹூக் டெஸ்ட்னு பேரு, 2007ல வந்தது. அறாத கையில அதே டெஸ்ட் பண்ணிக் காட்டினாரு, விறைப்பா ஒரு வடக்கயிறு மாதிரி மாட்டுச்சு. பாதி அறுந்திருந்தா இதுல கயிறு மாட்டிடும், அப்ப தான் எம்ஆர்ஐயோ நல்லா பாக்கத் தெரிஞ்சவர் பண்ற அல்ட்ராசவுண்டோ உதவும். எக்ஸ்ரேல டெண்டன் தெரியாது, எலும்பு பிச்சுக்கிட்டு வந்திருக்கான்னு பாக்க மட்டும் தான் அது.

கீழ் முனைக்கு வழி ரெண்டு இல்ல, மூணு: இப்பவே ஆபரேஷன், அப்படியே விடறது, அப்புறம் பாத்துக்கலாம். மூணாவது வழியா தெரியாது, ஆனா நிறைய பேர் தெரியாம எடுக்கறது அதைத்தான், அதுல தான் மாட்டிக்கறாங்க.

விட்டா என்ன ஆகும்னா, உள்ளங்கையை மேல திருப்பற பலம் சுமார் 40 சதவீதம் போகும், மடக்கற பலம் சுமார் 30 சதவீதம்னு பழைய ஆராய்ச்சியில இருந்து சொல்லிட்டு வர்றாங்க, பின்னாடி வந்த சில ஆராய்ச்சியில மடக்கற பலம் இதை விட நல்லாவே மிஞ்சியிருந்துச்சு, திருப்பற பலம் தான் நிஜமான நஷ்டம். சதவீதத்தை விட அது எப்படி இருக்கும்னு சொன்னா புரியும்: வலது கைக்காரர் ஸ்க்ரூவை டைட் பண்றது, பூட்டுல சாவியை வலப்பக்கம் திருப்பறது, ரின்ச் பிடிச்சு முறுக்கறது, இதெல்லாம் ஒரு தடவை முடியும், பத்தாவது தடவைக்கு கை சோந்துபோய் பிடிச்சுக்கும். வயசானவர், பலமான வேலை இல்லாதவர், மயக்க மருந்து கொடுக்க முடியாத அளவுக்கு இதயமோ நுரையீரலோ சரியில்லாதவர், அறுந்தது அதிகம் பயன்படுத்தாத கை, இவங்க விடறது நல்ல முடிவு தான், அதை யாரும் தோல்வியா பாக்க வேண்டியதில்ல. 46 வயசுல கையால வேலை பாக்கறவன் விட்டா அது வேற.

இப்பவே ஆபரேஷன்னா பொதுவா ரெண்டு மூணு வாரத்துக்குள்ள. அந்த நேரத்துல கயிறு இன்னும் கிட்டத்துல இருக்கும், இழுத்து ரேடியஸ்ல கட்டிடலாம். நாலு வாரம் தாண்ட தாண்ட தசை மேல சுருங்கி சுத்தியிருக்கற சதையோட தழும்பா ஒட்டிக்கும், கயிறு பழைய இடத்துக்கு எட்டாது, அப்ப தொடைக்குப் பின்னாடி இருந்தோ தானமா கிடைச்ச டெண்டனையோ எடுத்து நடுவுல ஒட்டு போடணும், பெரிய வெட்டு, ஆறறதும் அவ்ளோ நாள். "அப்புறம் பாத்துக்கலாம்"னு சொல்றதுல ஒளிஞ்சிருக்கற விலை இது தான். மச்சினனுக்கு பன்னெண்டாம் நாள் ஆபரேஷன் ஆச்சு, தப்பிச்சான். அந்த ஒன்பது நாள் இன்னும் ரெண்டு வாரமா இழுத்திருந்தா என் ஆமாம் அவனுக்கு ஒரு ஒட்டு டெண்டனா முடிஞ்சிருக்கும்.

ஆபரேஷன்னா எல்லாம் நல்லதுன்னும் நினைக்காதீங்க. முன்னாடி ஒரு வெட்டு போட்டும் பண்ணலாம், முன்னாடி ஒண்ணு பின்பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு வெட்டு போட்டும் பண்ணலாம். 2012ல 91 பேரைக் குலுக்கல் முறையில ரெண்டா பிரிச்சுப் பாத்தாங்க, கடைசியில கை வேலை செய்யறதுல பெரிய வித்தியாசம் இல்ல, ரெண்டு வெட்டுக்காரங்களுக்கு மடக்கற பலம் ஒரு பத்து சதவீதம் கூட, ஒரு வெட்டுக்காரங்களுக்கு முன்கை வெளிப் பக்கம் மரத்துப் போறது ரொம்ப அதிகம், ஆனா அது பெரும்பாலும் சில மாசத்துல போயிடும். ரெண்டு வெட்டுல பாரம்பரியமா சொல்ற பயம், ரெண்டு எலும்புக்கும் நடுவுல தேவையில்லாத எலும்பு வளந்து கை திரும்பறது தடைபடறது. ரொம்ப கம்மியான பேருக்கு விரலைத் தூக்கற நரம்பு அடிபடும், அதுவும் பெரும்பாலும் தானா திரும்பி வரும். என் அபிப்பிராயம், எந்த வெட்டுன்னு நாம சண்டை போடத் தேவையில்ல, அந்த சர்ஜன் எதை அதிகமா பண்ணியிருக்காரோ அது. மச்சினனுக்கு ஒரு வெட்டு தான், கட்டைவிரல் பக்கம் முன்கை மூணு மாசம் மரத்தே இருந்துச்சு. முதல்ல ஒன்னு ரெண்டு வாரம் ஸ்ப்ளின்ட், அதாவது கையை அசையாம வைக்கிற கட்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நீட்டி மடக்கறது, பாரம் தூக்கறதெல்லாம் ரெண்டு மூணு மாசத்துக்கு அப்புறம் தான் மெதுவா ஆரம்பம், முழு வேலைக்கு நாலுல இருந்து ஆறு மாசம். சம்பளம், லீவு, வீட்ல யார் பாரம் தூக்குவாங்க, இதெல்லாம் முடிவோட பாகம் தான், டாக்டர் இதைக் கேக்க மாட்டாரு, நீங்க தான் சொல்லணும்.

பாதி கிழிசலா இருந்தா அவசரம் இல்ல, முதல்ல சில மாசம் ஓய்வு, பிசியோன்னு பாப்பாங்க, வலி விடலன்னா, பாதிக்கு மேல கிழிஞ்சிருந்தா ஆபரேஷன் பேச்சு வரும். ட்ரைசெப்ஸ், அதாவது மேல் கையோட பின்பக்கம், முழங்கை நுனியில அறுறது இதை விட அபூர்வம், ஆனா முழுசா அறுந்தா கையை நேரா நீட்டித் தள்ள முடியாது, அதனால பொதுவா சீக்கிரம் தைக்கிறது தான் வழக்கம். டயாலிசிஸ்ல இருக்கறவங்களுக்கும் ஸ்டீராய்டு எடுக்கறவங்களுக்கும் இது வரலாம்.

எந்த முனையா இருந்தாலும் ஆபரேஷன் பேச்சோட முடிச்சுடாம ஏன் நைஞ்சுச்சுன்னும் டாக்டர் கிட்ட பேசுங்க. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாடிக் சமீபத்துல சாப்பிட்டீங்களா? 2008ல அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இந்த வகை மருந்தோட விவரக் குறிப்புல டெண்டன் அறுறதைப் பத்தி கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை வைக்கச் சொல்லிச்சு. அதிகம் மாட்டறது குதிகால் டெண்டன், ஆனா பைசெப்ஸும் உண்டு, 60 தாண்டினவங்க, ஸ்டீராய்டு கூட சேத்து எடுக்கறவங்களுக்கு ஆபத்து கூட. சுகர், கிட்னி கோளாறு, முடக்கு வாதம், ஜிம்ல ஊசி போட்டுக்கற அனபாலிக் ஸ்டீராய்டு எல்லாம் இதே லிஸ்ட்ல. எனக்குப் புதுசா இருந்தது ஒண்ணு: டிரான்ஸ்தைரெட்டின்னு ஒரு புரதம் மடிப்பு தப்பி இதயத்துல படியற அமிலாய்டு நோய். வயசானப்புறம் வர்ற அந்த வகை உள்ள 111 பேரை 2017ல பாத்ததுல 37 பேருக்கு பைசெப்ஸ் அறுந்திருந்துச்சு, இந்த நோய் இல்லாம வேற காரணத்தால இதயம் பலவீனமான 40 பேர்ல ஒருத்தருக்கு தான். அதுவும் இதய நோய் தெரியறதுக்கு வருஷக்கணக்குல முன்னாடியே. பைசெப்ஸ் அறுந்தா இதயம் போச்சுன்னு அர்த்தம் இல்ல, பயப்படாதீங்க, ஆனா 60 தாண்டின ஆள், ரெண்டு மணிக்கட்டுலயும் நரம்பு நசுங்கி விரல் மரத்துப் போற கார்பல் டனல் வேற இருந்துச்சு, படி ஏறினா மூச்சு வாங்குதுன்னா மூணையும் ஒரே டாக்டர் கிட்ட சேத்து சொல்லுங்க, நாம பொதுவா மூணு டாக்டர் கிட்ட தனித்தனியா சொல்லுவோம்.

இன்னொரு கையையும் பாக்கச் சொல்லுங்க. ஒரு பக்கம் கீழ் முனை அறுந்தவங்களுக்கு மறு பக்கமும் அறுற வாய்ப்பு மத்தவங்களை விட கூட. மச்சினன் சிகரெட்டை நிறுத்தினேன்னு சொல்றான், அக்கா நம்பல.

அவனுக்கு ஆபரேஷன் ஆகி ஒன்றரை வருஷம், எனக்கு அறுந்து ரெண்டரை வருஷம் ஆகப் போகுது. போன வாரம் ரெண்டு பேரும் சேந்து ஒரு பழைய அலமாரியைக் கழட்டி வேற ரூம்ல மாட்டினோம். கழட்டும்போது என் கைக்கு ஒண்ணும் தெரியல, மாட்டும்போது ஏழாவது ஸ்க்ரூவுலயே சோந்துடுச்சு, ஸ்க்ரூடிரைவரை அவன் கிட்ட கொடுத்தேன். "அப்படியே விடாம ஆபரேஷன் பண்ணியிருக்கலாம்ல மாமா"ன்னான். ஏழு ஸ்க்ரூ எனக்குப் போதும்டான்னு சொல்லிட்டு டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டேன்.